கொழுந்தைப் பார்க்காத கண்

படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு கட்சி பத்தாண்டுக்கும் மேலாக வாதாடி வருகிறது. முழுப் படத்தையும் மேய்வது வீண், மனிதக் கண்ணைப் போல முக்கியமான இடத்தில் மட்டும் நின்று பார்த்தால் செலவு குறையும், பதிலும் சரியாக வரும் என்பது அதன் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் பிறந்தது பரிசோதனைக்கூடத்தில். அங்கேயே வைத்து எடைபோட்டால் ஜெயித்தது போலத்தான் தெரியும். அயோத்தியாப்பட்டணத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

ஏன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி? சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று போகப்போக மானாவாரியிலும் கிணற்றுப் பாசனத்திலும் தென்படுகிற பயிர் அது. கிழங்கு போகிற இடம் சேகோ ஆலை. அங்கே மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுவார்கள். 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இந்தக் கிழங்கை நம்பி நிற்பவை. வாழப்பாடியைத் தாண்டினால் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இலையைப் படம் பிடித்து நோயைக் கண்டுபிடிக்கும் முயற்சியில், உலகில் அதிகமாகச் சோதிக்கப்பட்ட பயிர்களில் மரவள்ளியும் ஒன்று. சோதனைகள் நடந்தது டான்சானியாவிலும் உகாண்டாவிலும். நோயின் பெயரும் அறிகுறியும் நம் ஊரிலும் அதேதான்: தேமல்.

முதலில் இலையைக் கிட்டத்தில் பார்ப்போம். தேமல் கண்ட மரவள்ளி இலையில் பச்சையும் வெளிர்மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கிடக்கும். திட்டுகளின் ஓரம் நரம்பில் வந்து முட்டி நிற்கும். இடப்பக்க மடலில் இருப்பது போல வலப்பக்க மடலில் இருக்காது. மஞ்சள் விழுந்த பகுதி வளராமல் நின்றுவிடுவதால் மடல் ஒரு பக்கமாகச் சுருங்கி வளையும். இளம் இலையில் இது நன்றாகத் தெரியும். இரும்புச் சத்துக் குறைந்த செடியிலும் மஞ்சள் இளம் இலையில்தான் வரும். ஆனால் அது இலை முழுக்கச் சீராகப் பரவும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், மடல் கோணாது. சேலத்துச் சுண்ணாம்பு மண்ணில் இது அடிக்கடி காண்பது. இரும்பு, துத்தநாக சல்பேட் கரைசல் தெளித்தால் சரியாகும். மக்னீசியம் குறைந்தால் மஞ்சள் அடி இலையில் தொடங்கும். எதுவுமே இல்லாமல் வயதாகி உதிரப்போகும் இலையும் அடியில் மஞ்சளாகத்தான் இருக்கும். மாவுப்பூச்சி உட்கார்ந்தால் கணுவிடை சுருங்கி, கொழுந்து முட்டைக்கோசு போலக் கொத்தாகத் திரளும். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி.

ஆக, மஞ்சள் என்ற ஒரே நிறத்துக்கு நான்கைந்து காரணம் உண்டு. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் அது செடியின் எந்த உயரத்தில் இருக்கிறது, எல்லா மடலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்தப் பக்கத்துக் காட்டில் அடி இலையைக் குனிந்து படம் பிடிக்கிற வேளாண்மைக் கல்லூரி மாணவனைப் பார்த்து ஒரு பெரியவர் சொன்னது: "கொழுந்தப் பாருங்க தம்பி, கீழ எலையப் பார்த்து என்ன ஆவப் போவுது." எங்கே பார்ப்பது என்ற ஆராய்ச்சியின் முழு விவகாரமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியைத்தான் ஆராய்ச்சி சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது என் வாதம்.

மனிதக் கண் எல்லாவற்றையும் ஒரே தெளிவில் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவில் இருக்கும் சிறு குழி ஏறத்தாழ 2 பாகை அகலத்துக்கு மட்டுமே கூர்மையாகக் காண்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகத்தைவிடச் சற்றுப் பெரிய அளவு, அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். அந்தக் கூர்மையை நொடிக்கு மூன்று முறை போல இடம் மாற்றி மாற்றித்தான் ஒரு காட்சியைக் கட்டி எழுப்புகிறோம். சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், ஓவியர் ரேப்பின் வரைந்த ஒரே படத்தை ஒருவரிடம் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். வீட்டாரின் வசதி எப்படி, இவர்களுக்கு வயது என்ன என்று கேள்வி மாற மாற, கண் போகும் தடமும் மாறியது. 1967-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூலில் அந்தத் தடங்கள் அச்சாகியிருக்கின்றன. எங்கே பார்ப்பது என்பதைப் படம் மட்டும் முடிவு செய்வதில்லை, கேள்வியும் முடிவு செய்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வழக்கமான நரம்பு வலைக்கு இந்தப் பழக்கம் கிடையாது. படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முதலில் அதைச் சுருக்கும். பிறகு மூலை முடுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கைப் போடும். சாதாரணக் கைபேசிக் கேமரா 4000-க்கு 3000, அதாவது 1.2 கோடி பிக்சல் படம் தருகிறது. வலைக்குள் போவதோ பெரும்பாலும் 224-க்கு 224, அதாவது 50,176 பிக்சல். ஏறத்தாழ 240 பிக்சலில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மரவள்ளி இலை படம் முழுக்க நிறைந்திருந்தால்கூட, சுருக்கிய பின் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். தேமலைப் பரப்பும் வெள்ளை ஈயின் நீளமே ஒரு மில்லிமீட்டர்தான். முழுச் செடியைப் பிடித்திருந்தால் ஈயைப் பற்றிப் பேச்சே இல்லை. இங்கேதான் 'எங்கே பார்ப்பது' கட்சிக்கு உண்மையான பலம். எல்லா இடத்தையும் மங்கலாகப் பார்ப்பதைவிட, சில இடங்களை முழுத் தெளிவில் பார்ப்பது புத்திசாலித்தனம்தானே?

2010-இல் ஹ்யூகோ லாரொஷெலும் ஜெஃப்ரி ஹின்டனும் இந்த வழியில் ஒரு முயற்சி செய்தார்கள். பரவலாகப் பேசப்பட்டது 2014-இல் டீப்மைண்டின் வொலொதிமிர் மினியும் மூவரும் எழுதிய கட்டுரை. அவர்களின் வலை ஒரு சிறு சன்னல் வழியாகப் பார்க்கும். நடுவில் தெளிவு, சுற்றிலும் மங்கல். பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்து எங்கே தாவுவது என்று தானே முடிவு செய்யும். படம் எத்தனை பெரிதானாலும் சன்னலின் அளவும் தாவல்களின் எண்ணிக்கையும் மாறாததால் கணக்குச் செலவு ஏறாது. அழகான யோசனை. சிக்கல் பயிற்சியில் வந்தது. தாவல் என்பது இங்கே அல்லது அங்கே என்ற தேர்வு. கொஞ்சம் நகர்த்தினால் பிழை எவ்வளவு குறையும் என்று வகைக்கெழுப் போட்டுச் சரிசெய்ய அதில் வழியில்லை. எனவே பதில் சரியானால் பரிசு, தவறானால் இல்லை என்ற வலுவூட்டல் முறையில் தடவித் தடவித்தான் கற்பிக்க வேண்டியிருந்தது. குப்பை தூவிய கையெழுத்து எண்களில் அது நன்றாக ஓடியது. இயல்பான புகைப்படங்களில் திணறியது.

அந்தத் திணறலுக்கு நேர்மையான விடை 2019-இல் கூகுளிலிருந்து வந்தது. எல்சயத், கார்ன்பிளித், லீ மூவரும் உருவாக்கிய 'சக்கேடர்', இமேஜ்நெட் என்ற தொகுப்பின் படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பைக் கவனித்து, முதல் விடையிலேயே 75 விழுக்காடு சரியாகச் சொன்னது. துறைக்கு வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது பெரிய வெற்றி. ஆனால் 2015-இலேயே வந்த ரெஸ்நெட்-50 முழுப் படத்தையும் பார்த்து ஏறத்தாழ 76 சொல்லிக்கொண்டிருந்தது. 2019-இலேயே வந்த எஃபிஷியண்ட்நெட்டின் பெரிய வடிவம் 84-ஐத் தொட்டது. இது அளவில் பெரிய வலை, நேர் ஒப்பீடு இல்லை என்று ஆட்சேபிக்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு குறை ஆட்சேபத்துக்கு அப்பாற்பட்டது. சக்கேடர் எங்கே பார்ப்பது என்று முடிவு செய்வதற்கே முழுப் படத்தையும் ஒரு முறை கடந்து அம்சங்களை எடுக்கிறது. தீர்ப்புச் சொல்ல மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறதே தவிர, மீதியைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. சன்னலின் பெருமையாகச் சொல்லப்பட்ட சிக்கனம் அங்கே கரைந்துவிடுகிறது. கிடைப்பது விளக்கம்: இதை வைத்துத்தான் சொன்னேன் என்று காட்ட முடிகிறது. அதுவும் மதிப்புள்ளதுதான். ஆனால் அதைச் சிக்கனம் என்று விற்கக் கூடாது.

சிக்கன வாதத்தைக் காலி செய்தது வேறு ஒன்று. 2017-இல் வந்த மொபைல்நெட், முழுப் படத்தையும் பார்க்கும் வேலையையே 42 லட்சம் அளபுருக்களுக்குள் மலிவாக்கிவிட்டது. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் இணையம் இல்லாமல் ஓடுகிறது. தாவித் தாவிப் பார்க்கும் வலையில் ஒரு தாவல் முடிந்தால்தான் அடுத்தது. சில்லுகளோ ஒரே கணக்கை ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் போடப் பழகியவை. மனிதக் கண் தாவுவது, மூளையில் இடமும் சக்தியும் பற்றாததால். போனின் நெருக்கடி வேறு. உயிரினம் தன் பஞ்சத்துக்குக் கண்டுபிடித்த வழியை, அந்தப் பஞ்சம் இல்லாத இயந்திரத்துக்கு அப்படியே பொருத்தியதில்தான் சறுக்கல்.

2020-க்குப் பிறகு இதே ஆசை வேறு உருவில் திரும்பி வந்தது. படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாக் கட்டங்களையும் கவனிக்கும் விஷன் டிரான்ஸ்ஃபார்மர். 224 அளவுப் படத்தில் 196 கட்டம். கட்டம் இரட்டித்தால் கவனத்தின் செலவு நான்கு மடங்கு. இங்கே பஞ்சம் உண்மையிலேயே இருக்கிறது. அதனால் வேண்டாத கட்டங்களை வழியிலேயே கழிக்கும் முறைக்குப் பலன் கிடைத்தது. 2021-இல் வந்த டைனமிக்விட், 66 விழுக்காடு கட்டங்களைப் படிப்படியாகக் கழித்து, கணக்கில் 31 முதல் 37 விழுக்காடு மிச்சம் பிடித்தது. துல்லியம் இழந்தது அரை விழுக்காட்டுக்குள். சிக்கன வழக்கில் இதற்கு மட்டும் நான் விடுதலை தருவேன். ஆனால் கவனியுங்கள்: கட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தும் கணக்குச் செலவில் மிச்சம் பிடித்தது மூன்றில் ஒரு பங்குதான். விளம்பரத்தில் முன்னது வரும், மின்கட்டணத்தில் பின்னது வரும்.

சிக்கனத்தை விட்டு, சரியான பதில் என்ற அடுத்த உறுதிமொழிக்கு வருவோம். இங்கேதான் வழக்கு சூடு பிடிக்கிறது.

2016-இல் மொகந்தி, ஹ்யூஸ், சலாத்தே மூவரும் பிளாண்ட்வில்லேஜ் தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு 14 பயிர், 26 நோய்களுக்கு ஒரு வலையைப் பழக்கினார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் துல்லியம் 99.35 விழுக்காடு. செய்தித்தாள்கள் இந்த எண்ணை விடவில்லை. அதே கட்டுரையில், வேறு சூழலில் எடுத்த படங்களில் அது 31 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். அதை யாரும் தலைப்பாகப் போடவில்லை. ஏன் சரிந்தது? 2022-இல் மெஹ்மெத் நோயான் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். இலையையே பார்க்காமல், ஒவ்வொரு படத்தின் பின்னணியிலிருந்தும் 8 பிக்சலை மட்டும் எடுத்து ஒரு மாதிரியைப் பழக்கினார். குருட்டாம்போக்கில் 2.6 விழுக்காடு வர வேண்டிய இடத்தில் அது 49 விழுக்காடு சரியாகச் சொன்னது. ஒரு நோயின் படங்கள் ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், ஒரே அட்டையின் மேல் எடுக்கப்பட்டிருந்தால், அட்டையின் நிறமே நோயின் பெயரைச் சொல்லிவிடும். இலையைப் பார்க்க அவசியமே இல்லை.

இது 'எங்கே பார்ப்பது' கட்சிக்குச் சாதகமான சான்று போலத் தோன்றும். "நாங்கள் சொன்னோமே, இடத்தைக் கற்றுக்கொடுத்திருந்தால் இது நடக்குமா?" என்பார்கள். நடக்கும். பரிசு சரியான பதிலுக்கு மட்டும் என்றால், சன்னல் வழியாகப் பார்க்கும் வலை தன் சன்னலை எங்கே கொண்டுபோய் வைக்கும்? சுலபமாகப் பதில் கிடைக்கிற இடத்தில், அதாவது அட்டையில். இலைக்கு அது வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கவனம் ஒரு திறமைதான். ஆனால் அது பயிற்சிப் படங்களின் குணத்தைத்தான் கற்றுக்கொள்கிறது, செடியின் குணத்தை இல்லை. பார்க்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும் என்று விட்டால் கண்டுபிடிக்கும், நமக்கு வேண்டிய இடமாக அது இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாதுகாப்பு உண்டு என்று சொல்லப்படுகிறது: வலை எங்கே பார்த்தது என்று வண்ண வரைபடமாகக் காட்டச் சொல்லி நாம் சரிபார்க்கலாம். நோய்த் திட்டின் மேல் சிவப்பு ஒளிர்ந்தால் நம்பலாம். இந்த வரைபடங்களின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. 2018-இல் அடெபாயோவும் சிலரும் ஒரு எளிய பரீட்சை வைத்தார்கள். வலை கற்ற எடைகளையெல்லாம் கலைத்து, ஒன்றும் தெரியாத வலையாக்கிவிட்டு, மறுபடி வரைபடம் கேட்டார்கள். சில முறைகள் முன்பு தந்த படத்தைப் போன்ற ஒன்றையே தந்தன. அதாவது அவை காட்டியது வலையின் கவனம் இல்லை, படத்தின் விளிம்புகள். கிராட்-கேம் போன்ற சில முறைகள் பரீட்சையில் தேறின என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தேறிய முறையும் 'எங்கே' என்பதை மட்டும் சொல்லும். அந்த இடத்தில் எதைக் கண்டு அப்படி முடிவு செய்தது என்று சொல்லாது. திட்டின் மேல் சிவப்பு ஒளிர்ந்தாலும், அது திட்டின் வடிவைப் பார்த்ததா, வெறும் மஞ்சளைப் பார்த்ததா? தேமலா இரும்புக் குறையா என்ற வழக்கே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல எதிர்ச்சாட்சி ஒன்று உண்டு. அதையும் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. சர்க்கரை நோயால் கெடும் விழித்திரையைக் கண்டறிய கூகுள் பழக்கிய வலை, 2016-இல் 1,28,175 படங்களில் கற்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் படம் கொடுத்தவர்களில் உண்டு. 2019-இல் இந்த இரண்டு இடங்களிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தபோது, நோயைத் தவறவிடாமல் பிடிக்கும் திறன் அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1 விழுக்காடு. கூடத்திலிருந்து களத்துக்கு வந்தும் சரியவில்லை. காரணம், விழித்திரைப் படத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. தாடையை ஊன்ற வைத்து, பயிற்சி பெற்ற ஒருவர், அதற்கென்றே செய்த கேமராவில் எடுக்கிறார். எதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது கேமரா சொடுக்கும் முன்பே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வலைக்கு இருந்த குறை தெளிவு மட்டும்தான். 2018-இல் உள்ளீட்டை 299 பிக்சலிலிருந்து 779-க்கு உயர்த்தியது அதனால்தான். இதே வரிசையில் 2019-இல் வந்த ஒரு ஆய்வு இன்னும் சுவையானது: வலையின் தீர்ப்போடு கவன வரைபடத்தையும் காட்டியபோது, நோய் உள்ள கண்களை மருத்துவர்கள் கூடுதலாகச் சரியாகக் கண்டார்கள், நோயில்லாத கண்களில் தவறு கூடியது. 'இங்கே பார்' என்று விரல் நீட்டினால், அங்கே ஏதோ இருக்க வேண்டும் என்று படித்த மருத்துவருக்கும் தோன்றிவிடுகிறது.

காட்டில் தாடையை ஊன்ற இடமில்லை. படம் எடுப்பவர் யார், எந்த இலையை, எந்த உயரத்தில், எந்த வேளையில் என்பதில் ஒரு ஒழுங்கும் கிடையாது. மரவள்ளி ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன. 2017-இல் அமாண்டா ராம்சரணும் குழுவும் டான்சானியக் காடுகளில் எடுத்த 2,756 படங்களில் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு மடலையும் தனியே வெட்டி 15,000 படமாக்கிப் பழக்கினார்கள். எங்கே பார்ப்பது என்பதை இயந்திரத்துக்குப் பதிலாக மனிதரே கத்தரித்துக் கொடுத்த முறை அது. துல்லியம் கொஞ்சம் கூடியது, அதிகபட்சம் 93 விழுக்காடு. 2019-இல் அதே குழு அந்த வழியிலான மாதிரியைப் போனில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோனது. அறிகுறி நன்றாக முற்றிய இலைகளில்கூட, நோய் என்று சொன்னது சரியாயிருப்பதையும் இருக்கிற நோயைத் தவறவிடாமையையும் சேர்த்து அளக்கும் எஃப்-1 மதிப்பு 32 விழுக்காடு விழுந்தது. விழுந்ததற்குக் காரணம், இருக்கிற நோயை இல்லை என்று விட்டது. இல்லாத நோயை இருக்கிறதென்று சொன்ன பிழை இல்லை. இதுவும் பின்னால் தேவைப்படும்.

என்னைத் தீர்ப்பின் பக்கம் தள்ளியது 2020-இல் லத்தீபா மிரிஷோவும் குழுவும் வெளியிட்ட ஆய்வு. சோதிக்கப்பட்டது 'நூரு' என்ற செயலி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளாண்ட்வில்லேஜும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து செய்தது, இணையம் இல்லாமல் ஓடும், இலையில் நோயுள்ள பகுதியைப் பெட்டி போட்டுக் காட்டும். ஒரு இலையைப் பார்த்துச் சொன்னதில் அதன் துல்லியம் 65 விழுக்காடு. அதே பரீட்சையில் விரிவாக்க அலுவலர்கள் 40 முதல் 58, விவசாயிகள் 18 முதல் 31. (இந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் பெரியவரை எடைபோட்டுவிடக் கூடாது. படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது வேறு, நடந்துகொண்டே காட்டைப் படிப்பது வேறு.) ஒரே செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது நூருவின் துல்லியம் 74 முதல் 88 விழுக்காட்டுக்குப் போனது. வலை மாறவில்லை. கவனப் பொறி எதுவும் புதிதாகச் சேர்க்கவில்லை. இன்னும் ஐந்து இலையைப் பார் என்று படம் எடுப்பவருக்குச் சொன்னார்கள், அவ்வளவே. மடலை வெட்டிக் கொடுத்தும், கட்டங்களைக் கழித்தும் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குப் போராடிய துறையில், இப்படி ஒரே அடியில் பத்து இருபது கூடியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இதில் ஒரு பழைய கதையும் ஒளிந்திருக்கிறது. 1988-இல் ருஸேனா பாய்ச்சி 'செயலூக்கமுள்ள புலனறிவு' பற்றி எழுதியபோது, பார்ப்பது என்றால் கேமராவை நகர்த்துவது, கிட்டே போவது, மறுபக்கம் திரும்பிப் பார்ப்பது என்றே அவர் பொருள் கொண்டார். பிறகு வந்த துறைக்கு இணையத்திலிருந்து அள்ளிய லட்சக்கணக்கான படங்கள் கிடைத்தன. எடுத்து முடித்த படத்தில் கேமராவை நகர்த்த முடியாது. எனவே 'எங்கே பார்ப்பது' என்ற கேள்வி, எடுத்து முடித்த சட்டத்துக்குள் எங்கே பார்ப்பது என்று சுருங்கிப்போனது. அதிலும் இமேஜ்நெட் போன்ற தொகுப்புகளில், எடுத்தவரே பொருளைப் பெரும்பாலும் நடுவில் நிறுத்தியிருப்பார். மனிதர் ஏற்கெனவே பார்த்து முடித்ததை இயந்திரம் மறுபடி கண்டுபிடித்துப் பரிசு வாங்குகிறது. வெள்ளை ஈ குடியிருப்பது இலையின் அடிப்பக்கத்தில். மேல்பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டு எத்தனை கூர்மையான சன்னலைத் திறந்தாலும் ஈ தெரியாது.

யார்பஸின் கேள்விக்கு இப்போது வரலாம். செயலிகள் கேட்கும் கேள்வி: இந்த இலைக்கு என்ன நோய்? சேலத்துக் காட்டின் கேள்வி வேறு: இந்தச் செடியிலிருந்து அடுத்த போகத்துக்குக் கரணை வெட்டலாமா? தேமலுக்கு மருந்து கிடையாது. அது ஈ வழியாகவும் பரவும், நட்ட குச்சி வழியாகவும் பரவும். நோய் உள்ள குச்சியை நட்டால் செடி நோயோடுதான் முளைக்கும். குச்சி வெட்டுவது அறுவடையின்போது, செடிக்குப் பத்து மாதம் ஆனபின். அப்போது அடி இலையெல்லாம் உதிர்ந்திருக்கும். வெயில் ஏறினால் தேமல் மங்கித் தெரியாமலும் போகும். எனவே அறுவடை நாளில் போனை நீட்டிப் பயனில்லை. நட்ட இரண்டு மூன்று மாதத்தில், கொழுந்தை அடுத்த இலைகளில், செடி செடியாகப் பார்த்து, சுத்தமானவற்றுக்கு அடையாளம் கட்டி வைக்க வேண்டும். எங்கே பார்ப்பது என்பதோடு எப்போது பார்ப்பது என்பதும் சேர்ந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில். ஒற்றைப் படத்தில் பழகிய எந்த வலைக்கும் அந்த 'எப்போது' கிடையாது.

பயிற்சிப் படங்களின் ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020-21 காகிள் போட்டிக்காக உகாண்டாவிலிருந்து வந்த 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரவள்ளிப் படங்களில் ஐந்து வகைதான்: பாக்டீரியா கருகல், பழுப்புக் கோடு, பச்சைத் திட்டு, தேமல், நோயின்மை. பத்தில் ஆறு படம் தேமல். பழுப்புக் கோடு நம் நாட்டு நோயே இல்லை. நம்மிடம் இருக்கிற மாவுப்பூச்சிக்கு அங்கே பெட்டி இல்லை. 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் காடுகளைச் சுருட்டிய பூச்சி அது. அதை அடக்க அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த அனகைரஸ் லோபேசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில்தான் விட்டார்கள். உகாண்டாப் படத்தில் பழகிய வலையிடம் மாவுப்பூச்சிக் கொழுந்தைக் காட்டினால் அது மௌனமாக இருக்காது, ஐந்தில் ஒன்றைச் சொல்லும். இரும்புக் குறைக்கும் அதே கதி. சரியான இடத்தைப் பார்த்துவிட்டுத் தவறான பெயரைச் சொல்லும் வலை, தவறான இடத்தைப் பார்ப்பதைவிட மோசம். கவன வரைபடமும் அதற்குச் சாட்சி சொல்லுமே.

என் தீர்ப்பு இது. சட்டத்துக்குள் எங்கே பார்ப்பது என்று கற்பிப்பதைச் சிக்கனக் கருவியாக, அதுவும் கட்டங்களைக் கழிக்கும் வடிவில், ஏற்கிறேன். அது நம்பகத்தின் அத்தாட்சி என்ற வாதத்தைத் தள்ளுபடி செய்கிறேன். செலவிட வேண்டிய இடம் வேறு. "கொழுந்திலிருந்து மூன்றாவது இலையைக் காட்டு, இப்போது அதைத் திருப்பிப் பிடி, அடுத்த செடிக்குப் போ" என்று படம் எடுப்பவரைத் தமிழில் நடத்திச் செல்கிற செயலி வேண்டும். தாவும் வலையின் யோசனையைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுவந்தால் கிடைப்பது அதுதான். அதற்கு முள்ளுவாடி, எச்-226 போன்ற நம் ரகங்களின் படங்கள், மாவுப்பூச்சியும் இரும்புக் குறையும் தனித்தனிப் பெயரோடு, ஏத்தாப்பூர் போன்ற நிலையத்தின் வல்லுநர் கையால் குறிக்கப்பட்டுச் சேர வேண்டும். 'தெரியவில்லை' என்று சொல்லும் உரிமையும் அந்தச் செயலிக்கு இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டு 15 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையிலிருந்து தனியார் செயலிகள்வரை எல்லாவற்றையும் இந்த அளவுகோலில் வைத்துக் கேட்கலாம்: எத்தனை இலை கேட்கிறது? எந்த ஊர்ப் படத்தில் பழகியது? தெரியாதபோது என்ன சொல்கிறது?

அதுவரை காட்டில் நிற்பவருக்கு ஒரு நடைமுறை ஒழுங்கு போதும். இந்த வலைகளின் பிழை பெரும்பாலும் இருப்பதைத் தவறவிடும் பிழை என்று பார்த்தோம். எனவே செயலி ஒரு செடியைத் தேமல் என்று சொன்னால், கொழுந்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு அதிலிருந்து கரணை எடுக்காமல் விடலாம். ஒரு செடி தவறிப் போனால் நட்டம் ஒரு செடிதான். நோயில்லை என்று சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் வைத்துக் குச்சி வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு செடியில் வெட்டும் கரணைகள் அடுத்த போகத்தில் பல செடி, அத்தனையிலும் தேமல் நிற்கும்.